ஆளில்லாத வட்டாரத்து ஏழு வாக்குகள்

அத்தியாயம் ஐந்து

பொன்னம்பலம் மாஸ்டர் மேசையில் ஓங்கி அடித்ததில் என் கோப்பி பாதி சிந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நியாயமாகப் பார்த்தால் நான் தேவாலயப் பூசையில் இருந்திருக்க வேண்டும்.

"பகல் கொள்ளை!" என்றார் மாஸ்டர். "ஒரு தனிச்ச மனுசியின்ர சீதன உறுதியை விழுங்கிப்போட்டு ஏப்பம் விடுறாங்கள்! நான் விடமாட்டன் பிள்ளை. விடவே மாட்டன்!"

பிள்ளை என்று அவர் அழைத்தது என் முதலாளி றெஜினாவை. வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்காபரோவில் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் லெஸ்லி, அவருடைய உதவியாளன், சாரதி. முன்பு மிசிசாகாவில் விமானநிலைய டாக்சி ஓடினேன். வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அந்த வேலை போனது. இந்த வேலையும் அதே வாயால்தான் கிடைத்தது.

மாஸ்டருக்கு எழுபத்தாறு வயது. ஊரில் வரலாறு படிப்பித்தவர். ரொறொன்ரோவில் மாவடித்துறை மக்கள் சங்கத்தின் போசகர். அவர் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, பேசாமல் இருந்தவர் யோகமலர். அறுபது வயதிருக்கும். பத்து நிமிடமாக அவருக்காகவும் சேர்த்து மாஸ்டரே கத்திக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு நிமிசம்," என்றார் றெஜினா. "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ."

யோகமலரின் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் அதில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது, பல நாளாக அடக்கி வைத்த கோபம்.

"நாளைக்குப் பின்னேரம் எனக்குப் பிளைற். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணக் கச்சேரியில, காணி அதிகாரிக்கு முன்னால, மூல உறுதிப் பத்திரத்தைக் காட்டவேணும். காட்டினா முப்பத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு நேவி பிடிச்ச என்ர காணி எனக்கு வரும். காட்டாட்டி அது அரசாங்கக் காணி."

"கொப்பி எடுக்கேலாதோ?"

"எழுதின நொத்தாரிசின்ர வீடு எரிஞ்சு போச்சு. காணிக் கந்தோரில அந்த வருசப் புத்தகமே இல்லையாம். இருந்தது ஒரு உறுதிதான்."

"அது எங்கை?"

"அதைத்தானே தங்கச்சி நான் கேக்கிறன்!"

மாவடித்துறையில் ஒன்பது வட்டாரங்கள். சங்கத்தின் நிர்வாகசபைக்கு வட்டாரத்துக்கு இருவர். அந்தந்த வட்டாரத்தில் காணி உறுதி உள்ளவர்களுக்குத்தான் வாக்கு. யோகமலருடைய வட்டாரம் வெளிச்சவீட்டடி. தொண்ணூறில் கடற்படை முகாமுக்குள் போன இடம். அங்கிருந்து ஓடிய சனம் இந்தியாவுக்கும் வன்னிக்கும் சிதறியது. ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்தவர் யோகமலர் ஒருவர்தான். தொண்ணூற்றாறில் அங்கத்துவம் கேட்டு, உறுதியைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து நிர்வாகம் என்று மட்டும் ஒப்பமிட்டு ஒரு கடிதம் வந்தது. பேஸ்மென்ற்றுக்குள் வெள்ளம் புகுந்து உறுதிகள் அழிந்துவிட்டன, வருந்துகிறோம். உறுதி இல்லாதபடியால் அங்கத்துவமும் இல்லை.

"இருபத்தேழு வருசமா அந்தச் சங்கத்துக்கு வடை சுடுறன். வாக்கு இல்லை," என்றார் யோகமலர். "போன பங்குனியில, வடை எண்ணெய் ஒத்த எண்டு பழைய பேப்பர் கட்டொண்டு தந்தினம். கூட்டக் குறிப்பு. அதில போட்டிருக்கு, வெளிச்சவீட்டடி வட்டாரம், உறுதியோடு வந்தோர் ஏழு, வாக்கு ஏழு. வெள்ளத்தில அழிஞ்ச உறுதியோட ஏழு பேர் எங்கயிருந்து தங்கச்சி வந்தவை?"

எனக்குத் தலை சூடேறியது. சாமானைத் தொலைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பவனை மன்னிக்கலாம். தொலைந்தது என்று சொல்லிவிட்டு வருடாவருடம் அதை எடுத்துப் பாவிப்பவனை என்ன செய்வது? நிர்வாகத்தைக் கேட்டபோது அது யாப்பு விசயம், சங்கத்தின் விதி அப்படி என்று கைவிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் யோகமலர் மாஸ்டரிடம் போயிருக்கிறார்.

"தலைவர் நவரட்ணத்தின்ர வேலை," மாஸ்டர் மறுபடி எழும்பினார். "வேற ஆர்? நான் ஆண்டு மலரில எழுதியே போட்டன். பேர் சொல்லேல்லை. விளங்கிற ஆக்களுக்கு விளங்கும். இந்தாங்கோ, படியுங்கோ!"

ஒரு புத்தகத்தை மேசையில் போட்டார். அட்டையில் குத்துவிளக்கு. உள்ளே ஒன்பது பக்கத்துக்கு அவருடைய கட்டுரை: 'ஆடு மேய்ந்த தொகுதி: ஓல்ட் சேரத்தின் கதை.'

"இண்டைக்குத்தான் சங்கத்தின்ர பொதுக்கூட்டமோ?" என்று கேட்டார் றெஜினா.

"ரெண்டு மணிக்கு. முதல் வட்டாரத் தேர்தல். பிறகு தேத்தண்ணி. அதுக்குப் பிறகு தீர்மானங்கள்."

"சரி மாஸ்டர். நீங்கள் போங்கோ. அக்கா, நீங்கள் வழமை போல வடையைச் சுடுங்கோ. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கதைக்காதேங்கோ."

படியிறங்கும்வரை மாஸ்டரின் சத்தம் கேட்டது. "இந்த வயசிலயும் என்ன கோபம்," என்றேன் நான். "எங்களை விட அவருக்குத்தான் கூடச் சுடுது."

"ஓம்," என்றார் றெஜினா. "கவனிச்சன்."

---

நவரட்ணம் வீடு விற்றுக் கொடுப்பவர். ஸ்காபரோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம் பாதி அவருடைய முகத்தின் மேல்தான் குந்தியிருக்கும், அத்தனை வாங்கு இருக்கைகளில் விளம்பரம். அன்று ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீட்டை ஆட்களுக்குத் திறந்து வைத்திருந்தார். போய்ச் சேரப் பதினொன்றரை.

"வாங்கோ, வாங்கோ! நாலு அறை, குசினியில கல்லு..."

"வீடு வேண்டாம் அண்ணை," என்றேன். "ஒரு காணி தொலைஞ்சுபோச்சு. உங்களிட்டை இருக்கோ எண்டு பாக்க வந்தனாங்கள்."

விசயத்தைச் சொன்னதும் அவருடைய விற்பனைச் சிரிப்பு போய்விட்டது. முகம் சிவந்தது.

"என்ர வட்டாரமோ? ஆர் சொன்னது? அந்த வெளிச்சவீட்டடி ரெண்டு பேரும் பத்து வருசமா எனக்கு எதிராத்தான் கை தூக்கினம்! வட்டாரம் கிட்டாரம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு ஆளுக்கு ஒரு வாக்கெண்டு மாத்துவம் எண்டு மூண்டு தரம் தீர்மானம் கொண்டுவந்தன். மூண்டு தரமும் எட்டுக்குப் பத்தில தோத்தன். அந்த ரெண்டு வாக்கால! இண்டைக்கு நாலாந்தரம் கொண்டுவாறன்."

"அந்த ஏழு பேரின்ர கையில உறுதி எப்பிடி வருது?"

"தெரிஞ்சா விடுவனோ? வரேக்க கையில இருக்கும். தேத்தண்ணி முடிய ஒருத்தரின்ர கையிலயும் இராது. மேசையில இருக்கிற ஆள் பேப்பரின்ர பின்பக்கத்தில வருசத்தைப் போட்டு முத்திரை குத்தும். அவ்வளவுதான்."

"உள்ள ஆற்ற பேர் கிடக்கெண்டு பாக்கிறேல்லையோ?"

"யாப்பில அப்பிடி இல்லை. 'உறுதியைக் கையில் வைத்திருப்பவர்' எண்டுதான் கிடக்கு. பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை."

"நல்ல யாப்பு," என்றேன். "பஸ்ஸில ஆரும் பையை விட்டிட்டுப் போனா, எடுக்கிற ஆளுக்கு உங்கட சங்கத்தில பதவி கிடைக்கும்."

நவரட்ணத்துக்கு என் பகிடி பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு வருடத் தலைவர், தன் கண்ணுக்கு முன் நடந்த கூத்தை யாப்பில் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிலும் எனக்குக் கோபம் வந்தது.

காருக்குள் ஏறியதும், "இவர் இல்லை," என்றேன். "தன்னை விழுத்துறதுக்குத் தானே ரெண்டு பேரை வளர்க்கிற அளவுக்கு மனுசன் மொக்கன் இல்லை."

"இவர் இல்லை," என்று றெஜினாவும் ஒத்துக்கொண்டார். நான் காரை எடுக்குமுன் ஆண்டு மலரை என் மடியில் போட்டார். "சத்தமா வாசி. இதில ஒரு பிழை கிடக்கு. கண்டுபிடி பாப்பம்."

வாசித்தேன். மாஸ்டர் எழுதத் தெரிந்தவர், அதை மறுக்கக்கூடாது.

'இங்கிலாந்தில் சாலிஸ்பரிக்கு அருகே ஒரு மேடு. பெயர் ஓல்ட் சேரம். ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் இருந்த ஊர். பேராலயத்தைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோனார்கள். சனமும் பின்னால் போய்விட்டது. மேட்டில் மிஞ்சியது கல்லும் புல்லும் ஆடும். ஆயினும் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை, அந்த மேடு இலண்டன் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சென்னையில் கவர்னராக இருந்த தோமஸ் பிட் என்பவனின் சொத்தாகவும் அது இருந்தது. அவனுடைய பேரன் அந்த மேட்டின் உறுப்பினனாகப் பாராளுமன்றம் புகுந்து, பின்பு நாட்டையே ஆண்டான்.'

"இந்தியாவில அள்ளினதைக் கொண்டுபோய் ஆட்டுமேடொண்டை வாங்கியிருக்கிறான்," என்றேன். "எங்கட சனம் ஸ்ரௌவ்வில்லில வாங்குது. பெரிய வித்தியாசம் இல்லை."

"வாசி."

'ஆளே இல்லாத ஊரில் வாக்களித்தது யார்? மனைத்துண்டுகளுக்குத்தான் வாக்கு. மேட்டின் சொந்தக்காரர் தேர்தலன்று தன் ஆட்களின் கையில் உறுதிகளைக் கொடுப்பார். ஓர் எல்ம் மரத்தடியில் அவர்கள் வாக்களிப்பார்கள். பிறகு தேநீர் மேசைக்கு வந்து, உறுதியை நாலாக மடித்து, மேசை ஓரத்திலிருந்த தகரப் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள். மறு தேர்தல்வரை அந்த ஊர் மீண்டும் ஆடுகளுடையது.'

"பிழை தெரிஞ்சுதோ?"

"ஆடுகளுக்கு வாக்குக் குடுக்காதது பிழை. அதுகள்தானே அங்க இருந்ததுகள்."

"லெஸ்லி."

"எனக்குத் தெரியேல்லை அக்கா. நான் சரித்திரத்தில முப்பத்தொன்பது புள்ளி."

றெஜினா தொலைபேசியை எடுத்து மாஸ்டரை அழைத்தார்.

"மாஸ்டர், நீங்கள் சொன்னது சரி. நவரட்ணம் முழிச்ச முழியே போதும். ஆள் கூட்டத்தில நிக்கேக்க, ரெண்டு மணிக்கு நாங்கள் அவற்ற வீட்டுப் பக்கம் போய் மனுசியோட கதைச்சுப் பாக்கப்போறம். அதால கூட்டத்துக்கு வரேலாது... ஓம், ஓம். நீங்கள் அங்க வழமை போல நில்லுங்கோ. ஆருக்கும் ஐமிச்சம் வரக்கூடாது."

தொலைபேசியை வைத்தார். நான் காரை எடுத்து மார்க்கம் பக்கம் திருப்பினேன், நவரட்ணத்தின் வீடு அங்கேதான்.

"எங்க போறாய்?" என்றார். "சங்கத்துக்குப் போ. பின்கதவால."

---

மாவடித்துறைச் சங்க மண்டபம் ஸ்காபரோவில் பழைய தளபாடக் களஞ்சியம் ஒன்றை வாங்கித் திருத்தியது. பின்கதவு நேராகக் குசினிக்குள் திறக்கும். யோகமலர் கொதி எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்றார். எங்களைக் கண்டதும் தள்ளி நின்று இடம் விட்டார். மண்டபத்துக்குச் சாப்பாடு நீட்டும் சிறிய யன்னல் ஒன்று இருந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துவிட்டு நானும் றெஜினாவும் அதன் இரண்டு பக்கமும் நின்றோம்.

"இந்த யன்னல் கூட்ட நேரம் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்," என்றார் யோகமலர். "எண்ணெய் மணம் வருமாம்."

வாக்கெடுப்புத் தொடங்கியது. ஒன்பதாவதாக வெளிச்சவீட்டடியைக் கூப்பிட்டார்கள். ஏழு பேர் எழும்பினார்கள். எல்லோருமே ஆண்கள், நாற்பதுக்கு மேல், நல்ல மேற்சட்டை. ஒவ்வொருவர் கையிலும் பழுப்பேறிய ஒரு தாள். மேசையில் முத்திரை விழுந்த சத்தம் ஏழு தரம் கேட்டது. இரண்டு பேர் போட்டியின்றித் தெரிவானார்கள். மண்டபம் கை தட்டியது.

"இப்ப பாய்வமோ?" என்றேன். எனக்குக் கை துறுதுறுத்தது.

"பொறு. பேப்பர் வெளிய வரேக்க பிடிச்சா ஏழு மொக்கர்தான் அகப்படுவினம். திரும்பிப் போகேக்க பிடிச்சா ஆள் அகப்படும். போய் வடை வரிசையில நில்."

தேநீர் இடைவேளை. நான் போய் நின்றேன். நீளமான மேசை. வடைத் தட்டுகள், தேநீர்க் கெண்டி, பால்மா. மேசையின் கடைசியில், கடதாசித் துண்டுகளுக்குப் பக்கத்தில், நீல நிற வட்டப் பிஸ்கற் ரின் ஒன்று. எங்கள் ஆட்களின் வீட்டில் நூலும் ஊசியும் போட்டு வைப்பார்களே, அதேதான். மூடி பாதி திறந்திருந்தது. முதலாவது ஆள் வடையை எடுத்தார், கை துடைக்கக் கடதாசித் துண்டை எடுத்தார், மற்றக் கையால் நாலாக மடித்த தாளை ரின்னுக்குள் விட்டார். தேநீரோடு நடந்தார். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய அளவுக்குப் பழகியிருந்தது அவர்களுக்கு.

யோகமலர் சுட்ட வடையைத் தின்றுகொண்டு, யோகமலரின் உறுதியை மடித்துப் போட்டார்கள். என் கையிலிருந்த வடையை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏழாவது தாள் விழுந்ததும், வெள்ளைச் சேட்டுக் கை ஒன்று ரின்னை மூடி எடுத்து, துணிப்பை ஒன்றுக்குள் வைத்தது. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

பொன்னம்பலம் மாஸ்டர்.

காலையில் என் கோப்பியைச் சிந்தவைத்த அதே கை. எங்கள் மேசையில் அடித்து அடித்துச் சிவந்திருந்த கை! ஒரு கணம் எனக்கு வாயே வரவில்லை. என் வாழ்க்கையில் அது அரிது.

பிறகு அவருக்கு முன்னால் போய் நின்றேன். "மாஸ்டர், ஒரு பிஸ்கற் தாங்கோவன்."

"இ... இதில பிஸ்கற் இல்லைத் தம்பி."

"தெரியும்," என்றார் பின்னால் வந்த றெஜினா. "ஓல்ட் சேரத்திலயும் இருக்கேல்லை."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். றெஜினாவின் குரல் உயரவில்லை. அவருக்குக் கோபம் கூடக்கூடக் குரல் தணியும்.

"மாஸ்டர், நான் காப்புறுதியில பழங்காலச் சாமான் கோரிக்கையும் பாத்தனான். ஒருக்கா ஒருத்தன், தன்ர பூட்டனின்ர ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறாம் ஆண்டுப் பிஸ்கற் ரின் களவு போச்செண்டு வந்தான். பிஸ்கற்றுக்கெண்டு தகர ரின் பழக்கத்துக்கு வந்தது விக்ரோறியா ராணி காலத்தில. ராணி முடி சூட முதலே ஓல்ட் சேரத்தை ஒழிச்சாச்சு. ஒரு வருசம் பிழைச்சாலே பிள்ளையளுக்குப் புள்ளி வெட்டின ஆள் நீங்கள். அப்ப அந்த ரின் உங்கட கட்டுரைக்குள்ள எப்பிடி வந்தது?"

மாஸ்டர் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்கள் இங்கிலாந்தைப் பற்றி எழுதேக்க இந்த மேசையைக் கண்ணால பாத்து எழுதியிருக்கிறியள். இந்த வேலையை முன்னுக்கு நிண்டு செய்த ஆளுக்குத்தான் அந்தப் படம் மனதில கிடக்கும். அக்கா கேள்வி கேக்கத் தொடங்கினவுடன, பழியை நவரட்ணத்தின்ர தலையில போட அந்தக் கட்டுரை. எங்களிட்டைக் கூட்டிவந்ததும் அதுக்குத்தான். ரின்னைத் திறவுங்கோ."

அவர் திறக்கவில்லை. நான் பையிலிருந்து எடுத்துத் திறந்தேன். ஏழு உறுதிகள். மேலே இருந்ததை விரித்து முதல் வரியை வாசித்தேன். நாகமுத்து மகள் யோகமலருக்குச் சீதனமாக, வெளிச்சவீட்டடியில் நாலு பரப்பும் கிணறும்.

"ஆர் இதோட வாக்குப் போட்டது?" என்று கத்தினேன். "ஆர் அந்த மாப்பிளை? சீதன உறுதி வைச்சிருக்கிறாய், பொம்பிளை எங்கை?"

ஏழு பேரில் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மட்டும், "சேர்தான் தந்தவர்... ஊரில இல்லாத சனத்தின்ர சார்பா எண்டு சொன்னவர்..." என்று முணுமுணுத்தார். எல்லோரும் மாஸ்டரிடம் படித்தவர்கள்.

நவரட்ணம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "பாத்தியளோ! பாத்தியளோ! நான் அப்பவே சொன்னனான்..."

"நீங்கள் இருங்கோ," என்றார் றெஜினா. "பன்னிரண்டு வருசம் உங்கட மேசையிலதான் இதுக்கு முத்திரை குத்தினது. ஒருநாள் திருப்பி உள்ள வாசிக்கேல்லை. ஏழு ஆம்பிளையள், ஒரு தலைவர், ஒரு மண்டபம் சனம். ஒருத்தர் வாசிச்சிருந்தா போதும்."

நவரட்ணம் கதிரையில் இருந்தார்.

குசினிக் கதவு திறந்தது. யோகமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சனம் வழிவிட்டது. உறுதியை என்னிடமிருந்து வாங்கி, தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மறுபக்கம் திருப்பினார்.

பின்பக்கம் முழுக்க ஊதா முத்திரைகள். மாவடித்துறை மக்கள் சங்கம், வாக்களிக்கப்பட்டது, வருடம். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பக்கம் நிரம்பி, ஓரத்தில் நொத்தாரிசின் கையொப்பத்தையும் பாதி மறைத்துக்கொண்டிருந்தன. கடைசி முத்திரையின் மை இன்னும் காயவில்லை.

"இதைக் கச்சேரியில எடுப்பினமோ?" என்று அவர் றெஜினாவைக் கேட்டார்.

றெஜினா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லை அக்கா. பொய் சொல்ல மாட்டன். இதென்ன முத்திரை எண்டு கேப்பினம்."

இப்போது மாஸ்டர் வாய் திறந்தார்.

"நான் களவெடுக்கேல்லை," என்றார்.  அதிலும் கோபம் இருந்தது, இந்த முறை உண்மையான கோபம். "தொண்ணூற்றிரண்டில யாப்பு எழுதேக்க, ஆளில்லாத வட்டாரத்தை வெட்டுவம் எண்டு எல்லாரும் நிண்டினம். நான்தான் விடேல்லை. அந்தச் சனம் ஒருநாள் வரும், ரெண்டு கதிரையை வைப்பம் எண்டு சண்டை பிடிச்சு வைச்சனான். வெறுங்கதிரையை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கேலும்? தங்கட உறுதியைப் பாதுகாக்கச் சொல்லி இந்தியாவில இருந்து ஆறு பேர் எனக்கு அனுப்பினவை. அதுகளை வைச்சு அந்த வட்டாரத்தை இவ்வளவு காலமும் நான்தான் உயிரோட வைச்சிருந்தன்!"

"நான் உயிரோடதான் இருந்தனான் மாஸ்டர்," என்றார் யோகமலர். "உந்தக் குசினிக்குள்ள."

யோகமலர் அவருக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"அந்த வட்டாரத்தில இருந்து ஒரு ஆள் வந்திது. ஒரேயொரு ஆள். உறுதியைக் கொண்டுவந்து கையில தந்திது. அந்தக் கதிரையில என்னை இருத்தியிருக்கலாம். நீங்கள் என்ன செய்தனீங்கள்? வெள்ளம் எண்டு கடுதாசி எழுதினனீங்கள். அதை எழுதினது நீங்கள்தானே?"

மாஸ்டர் தலையைக் குனிந்தார். அதுவே போதுமான பதில்.

"நான் ஒருத்தி வந்தா, உங்கட சொல்லுக்கு ஆடுற ரெண்டு பேரை அனுப்பேலாது. அதுதானே? என்ர மனுசன் சாகேக்கயும் காணியைத்தான் கேட்டது. உறுதி வெள்ளத்தில போச்சப்பா எண்டு நான் அந்தாளுக்குச் சொல்லி அனுப்பினன். நீங்கள் செத்த வீட்டுக்கு வந்து முன்வரிசையில இருந்தனீங்கள்."

"யோகம்... நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். முத்திரையெல்லாம் ஏன் வந்ததெண்டு விளக்கமா, ஒப்பம் வைச்சு..."

"உங்கட கடுதாசி வேண்டாம்!"

அன்று முழுதும் அவர் சத்தமாகப் பேசியது அந்த ஒரு முறைதான். மாஸ்டர் ஓர் அடி பின்னால் போனார். மேசை இடித்தது.

"நீங்கள் வாறியள்," என்றார் யோகமலர். "நாளைக்குப் பின்னேரம், என்னோட. வெள்ளிக்கிழமை கச்சேரியில அந்த ஐயாவுக்கு முன்னால நிண்டு, இந்த முத்திரை ஒவ்வொண்டும் ஆர் குத்தினது, என்னத்துக்குக் குத்தினதெண்டு உங்கட வாயால சொல்லுறியள். மற்ற ஆறு பேரின்ர உறுதியையும் உங்கட கையால குடுக்கிறியள்."

"எனக்கு எழுபத்தாறு வயசு... பிறஷர்... அவ்வளவு தூரம்..."

"இல்லாட்டி பொலிசை இப்பவே கூப்பிடலாம்," என்றார் றெஜினா. "அதுக்குத் தூரம் போகத் தேவையில்லை."

மாஸ்டர் தன் பழைய மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஏழு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்போட் இருக்கோ?" என்று கேட்டார் யோகமலர்.

"இருக்கு," என்றார் மாஸ்டர், காதில் விழுந்தும் விழாமலும்.

யோகமலர் உறுதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி லெஸ்லி, அந்தப் பிளைற்றில இன்னொரு சீற் கிடக்கோ எண்டு பார்."

தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். "ஒண்டே ஒண்டு கிடக்கு அக்கா. நடுச் சீற். உங்களுக்குப் பக்கத்தில."

"போடு," என்றார்.